அடக்கத்திற்கு ஆயத்தம்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். இரண்டாம் தேதி சகல ஆத்துமாக்களின் திருநாளுக்காக நம் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குகிறீர்கள். கல்லறைகளுக்கு வெள்ளை பூசுகிறீர்கள். பூவும் மெழுகுதிரியும் வாங்கி வைக்கிறீர்கள். மெத்த நல்லது. ஆனால் அந்தக் கல்லறைகளின் நடுவே நிற்கும்போது, மரித்துப்போனவர்களை நினைக்கிற நாம், மரிக்கப்போகிற நம்மை நினைக்கிறோமா?

கலியாணம் என்றால் ஆறு மாதத்திற்கு முன்பே மண்டபம் பார்க்கிறோம். வீடு கட்டுவதென்றால் வருஷக்கணக்காய் யோசிக்கிறோம். ஆனால் எல்லாக் காரியத்திலும் நிச்சயமான காரியமாகிய மரணத்தைக் குறித்து வீட்டில் யாராவது வாய் திறந்தால், "அச்சானியமாகப் பேசாதீர்கள்" என்று அடக்கிவிடுகிறோம். அதன் பலன் என்ன? மூச்சு நின்ற பிறகு, கண்ணீரும் கூச்சலுமான அந்த வேளையில், ஒருவருக்கும் புத்தி தெளிவாயிராத அந்த நேரத்தில், எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டியதாகிறது. தகப்பனாருடைய ஊரில் அடக்குவதா, இருக்கிற ஊரில் அடக்குவதா என்று மூத்தவனுக்கும் இளையவனுக்கும் பேச்சு. வளைகுடா நாட்டிலிருந்து மகன் வரும்வரை எத்தனை நாள் வைப்பது என்று பேச்சு. செலவு யாருடையது என்று பேச்சு. இத்தனை பேச்சுக்கும் நடுவில், மரித்தவருடைய ஆத்துமத்துக்காக ஒரு ஜெபமாலை சொல்ல ஆளில்லை! அன்று பிளந்த சகோதரர்கள் பத்து வருஷமானாலும் ஒரு பந்தலில் சேர்ந்து உட்காருவதில்லை என்பதை நீங்கள் அறியாதவர்களல்ல.

ஆகையால் இந்த வாரம் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒரே காரியம். உங்கள் அடக்கத்தைக் குறித்து, உயிரும் தெளிந்த புத்தியும் இருக்கையிலேயே நீங்கள் யோசித்து, தீர்மானித்து, பிள்ளைகளிடம் சொல்லி, எழுதியும் வையுங்கள். இது அவிசுவாசமல்ல, அபசகுனமுமல்ல; நீங்கள் விட்டுப்போகிறவர்களுக்குச் செய்யும் கடைசிப் பிறர்சிநேகம்.

வேதாகமமும் அர்ச்சியசிஷ்டவர்களும் காட்டும் மாதிரிகை

பிதாப்பிதாவாகிய ஆபிரகாமுக்குச் சர்வேசுரன் ஒரு தேசத்தையே வாக்களித்திருந்தார். ஆனாலும் அந்தத் தேசத்தில் அவர் விலை கொடுத்து வாங்கிய முதல் நிலம் எது? தம் மனைவி சாராளை அடக்கம் செய்வதற்காக 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா குகைதான். இலவசமாகவே எடுத்துக்கொள்ளும்படி ஊரார் சொல்லியும், சாட்சிகள் முன்னிலையில் முழு விலையையும் நிறுத்துக் கொடுத்தார். பின்னால் ஒருவரும் வழக்காடாதபடி காரியத்தை ஒழுங்காய் முடித்தார் என்க.

நம் ஆண்டவருடைய திருச்சரீரம் வைக்கப்பட்டது யாருடைய கல்லறையில்? அரிமத்தியா ஊர் சூசை என்பவர் தமக்கென்று உயிரோடிருக்கையிலேயே வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையில். தமது மரணத்தை முன்னிட்டு யோசித்து வைத்த ஒரு மனிதர் இருந்தபடியால் அல்லவா, ஓய்வுநாள் தொடங்குமுன் அவசர அவசரமாய் அடக்க வேண்டியிருந்த அந்த மாலையில் இரட்சகருக்கு இடம் கிடைத்தது!

அர்ச்சியசிஷ்ட மோனிக்கம்மாளின் காரியத்தையும் கேளுங்கள். இந்தத் தாய் தம் கணவருடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே தமக்கும் இடம் வேண்டுமென்று வெகுகாலம் ஆசைப்பட்டு ஏற்பாடும் செய்திருந்தார். ஆனால் 387-ம் வருஷம், ஆப்பிரிக்காவிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில், உரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். மக்கள் இருவரும் அருகில் நின்றார்கள். அந்நிய நாட்டில் சாகாமல் சொந்த ஊரில் சாவதல்லவா நல்லது என்று ஒரு மகன் சொன்னபோது, தாயார் அவனைக் கண்டிக்கும் பார்வையாகப் பார்த்தார். பிறகு இரண்டு மக்களையும் நோக்கி, இந்தச் சரீரத்தை எங்கே வேண்டுமானாலும் அடக்குங்கள், அதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆண்டவருடைய பீடத்தண்டையில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தெளிவாய்ச் சொன்னார். அவ்வளவுதான், மக்களுக்குள் வழக்கில்லை. தாய் வாய் திறந்து சொல்லிவிட்டபடியால், ஓஸ்தியாவிலேயே அடக்கம் செய்துவிட்டுச் சமாதானமாய் அழுதார்கள். அந்த மக்களில் ஒருவர்தான் அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீன்.

தாய்மாரே, தகப்பன்மாரே! நீங்கள் சொல்லும் ஒரு வாக்கு உங்கள் பிள்ளைகளுக்குள் எவ்வளவு சமாதானத்தைக் கொண்டுவரும் என்று பாருங்கள்.

சரீரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

"ஆத்துமம் போன பிறகு சரீரம் வெறும் மண்தானே, அதற்கு என்ன மரியாதை?" என்று சிலர் கேட்கலாம். அது நம் விசுவாசமல்ல. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும், பரிசுத்த தைலம் பூசப்பட்டதும், திவ்விய நற்கருணை வாங்கினதும் இந்தச் சரீரமே. கடைசி நாளில் உயிர்த்தெழப்போவதும் இதுவே. கல்லறைத் தோட்டத்துக்குக் கிரேக்க பாஷையில் ஆதிக் கிறிஸ்தவர்கள் இட்ட பெயருக்கு "உறங்கும் இடம்" என்பது அர்த்தம். நம் கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் சொல்லும் சிமித்தேரி என்ற வார்த்தையும் அதிலிருந்து போர்த்துக்கீசர் வழியாய் வந்ததே. நம் பழந்தமிழிலும் துஞ்சுதல் என்றால் உறங்குதல், மரித்தல் என்று இரண்டு பொருளும் உண்டல்லவா?

இந்த மரியாதையை நம் முன்னோர் எப்படிக் காத்தார்கள் என்பதற்கு அர்ச்சியசிஷ்ட தேவசகாயமே சாட்சி. நட்டாலத்தில் பிறந்த அவர், 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சரீரத்தை அடக்கம் செய்யாமல் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாளைக்குப் பிறகு, மிருகங்கள் விட்டுவைத்த எலும்புகளை விசுவாசிகள் தேடிப் பொறுக்கியெடுத்து, கோட்டாறு சவேரியார் கோவிலில் பீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்தார்கள். அரண்மனைக்குப் பயந்து அவர்கள் வீட்டிலிருந்திருக்கலாம், ஆனாலும் போனார்கள். பெட்டியுமில்லை, மேளதாளமுமில்லை. ஆனால் விசுவாசமிருந்தது. 2012 டிசம்பர் 2-ம் தேதி முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ம் தேதி அர்ச்சியசிஷ்டர் பட்டமும் அவருக்குக் கொடுக்கப்பட்டபோது, நாம் மண்டியிட இடம் இருந்ததே, அது அன்று எலும்பு பொறுக்கியவர்களின் புண்ணியம். மரித்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களில் ஒன்றாகத் திருச்சபை வைத்திருப்பதின் காரணம் விளங்குகிறதா?

புதைப்பதா, எரிப்பதா?

இப்போது பலரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். சென்னையிலும் பம்பாயிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள், "அங்கே கல்லறைக்கு இடம் கிடைப்பதில்லை, எரித்தால் பாவமா?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களில் சிலர், அது மகா பாவம், எரித்தால் உயிர்த்தெழுதல் கிடையாது என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டு பேரும் திருச்சபை சொல்வதைக் கேட்கட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிலர், உயிர்த்தெழுதல் என்பதே பொய் என்று காட்டுவதற்காகப் பிரேதத்தை எரிக்கும் இயக்கத்தைக் கிளப்பினார்கள். ஆகவே 1886-ல் திருச்சபை அதைத் தடுத்தது; 1917-ம் வருஷத்துச் சட்டநூலும் அத்தடையை உறுதிப்படுத்தியது. பிற்காலத்தில் சுகாதாரத்தையும் இடநெருக்கடியையும் முன்னிட்டே பலர் எரிக்கிறார்கள் என்று கண்டு, 1963-ம் வருஷத்துக் கட்டளையால் அத்தடையைத் தளர்த்தியது. 1983-ம் வருஷத்துச் சட்டநூலின் 1176-ம் சட்டம் இன்றும் நடப்பிலுள்ளது. அடக்கம் செய்யும் பக்தியான வழக்கத்தைத் திருச்சபை மிகவும் வற்புறுத்திப் பரிந்துரைக்கிறது. ஆனாலும் கிறிஸ்தவப் போதனைக்கு விரோதமான காரணத்துக்காகத் தெரிந்துகொண்டாலன்றி, எரிப்பதைத் தடை செய்யவில்லை. எரித்தால் சர்வ வல்லவருடைய கை குறுகிப்போவதில்லை. கடலில் மாண்டவர்களையும் நெருப்பில் வெந்த வேதசாட்சிகளையும் எழுப்புகிறவருக்குச் சாம்பல் ஒரு தடையா?

நம் பக்கத்திலேயே நடந்த காரியம் ஒன்று. 2020-ம் வருஷம் கொரோனா நோய் பரவியபோது, அந்நோயால் மரித்தவர்களை மிக ஆழமாய்க் குழி தோண்டிப் புதைக்க வேண்டுமென்று அதிகாரிகள் விதித்தார்கள். கேரளத்து ஆலப்புழைக் கடற்கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். என்ன செய்வது? ஆலப்புழை லத்தீன் மேற்றிராணியார், இவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்து, சாம்பலை அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று அனுமதித்தார். அவ்வருஷம் ஜூலை 28-ம் தேதி அவ்விதமாக இரண்டு பேருக்குக் கடைசி மரியாதை நடந்தது. பிரேதத்தைத் தொடவே அஞ்சிய நாட்களில், அவர்களுடைய சாம்பல் தங்கள் பங்கின் மந்திரித்த மண்ணில், தங்கள் சொந்தக்காரர்களின் அருகில் சேர்ந்தது. சட்டத்தின் எழுத்தையல்ல, அதன் கருத்தைக் காத்த காரியம் இது.

சாம்பலைக் குறித்து

எரிக்க அனுமதியுண்டு என்பதனால், சாம்பலை இஷ்டப்படி செய்யலாம் என்று நினைக்கலாகாது. 2016-ம் வருஷம் உரோமையிலிருந்து வந்த போதனை இதைத் தெளிவாய்ச் சொல்கிறது. சாம்பலைக் கல்லறைத் தோட்டம் அல்லது கோவில் போன்ற பரிசுத்த இடத்தில் வைக்கவேண்டும். வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. காற்றிலோ, மண்ணிலோ, தண்ணீரிலோ தூவக் கூடாது. 2023 டிசம்பரில் வந்த இன்னொரு பதில், பலருடைய சாம்பலைப் பெயர்களை எழுதி ஒரே பொது இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்றும், மிகச் சிறிதளவை மரித்தவருக்கு முக்கியமாயிருந்த ஓர் இடத்தில் வைக்கக் குடும்பத்தார் கேட்டால் திருச்சபை அதிகாரி யோசிக்கலாம் என்றும் கூறுகிறது. அனுமதி கேட்டுச் செய்ய வேண்டியதேயன்றி, நாமாகச் செய்வதல்ல.

நம் மாவட்டத்தில் இதைக் குறிப்பாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. முக்கடல் கூடும் கன்னியாகுமரிக்கு நாலா திசையிலிருந்தும் இந்து சகோதரர்கள் அஸ்தி கரைக்க வருகிறார்கள். 1948 பிப்ரவரி 12-ம் தேதி மகாத்மா காந்தியின் அஸ்தியும் அங்கே கரைக்கப்பட்டது. அஸ்திக் கலசம் வைக்கப்பட்ட இடத்தில் காந்தி மண்டபம் நிற்கிறது. அவர்களுக்கு அது பரிசுத்தமான கடமை. அதை நாம் மரியாதையோடு பார்க்க வேண்டும். ஆனால் நம் நெறி வேறு. பெயர் சொல்லி நம்மை ஞானஸ்நானத்தில் அழைத்த திருச்சபை, பெயர் எழுதிய ஓர் இடத்தில் நம்மை வைத்து, நமக்காக மன்றாட விரும்புகிறது. "என் சாம்பலைக் கடலில் தூவிவிடு" என்று எந்தக் கத்தோலிக்கத் தகப்பனும் மகனுக்குச் சொல்லிவைக்க வேண்டாம்.

கண்தானமும் உறுப்புத்தானமும் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், அது புண்ணியமான காரியம் என்றே திருச்சபை போதிக்கிறது. கண்களை மரித்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். ஆகையால் முன்னமே வீட்டாரிடம் சொல்லிவைத்தாலன்றி அது நடவாது. மருத்துவக் கல்லூரிக்குச் சரீரத்தையே கொடுப்பதும் தடையல்ல. அவ்விதம் கொடுத்தவர்களுக்காகவும் பூசை வைக்க மறக்கலாகாது.

கல்லறைத் தோட்டம் யாருக்குச் சொந்தம்?

பிரியமானவர்களே, இதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஜனம் நெருக்கம், நிலம் கொஞ்சம். கடற்கரை ஊர்களில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வீடுகள். கல்லறைத் தோட்டத்தை விரிக்க வழியில்லை. உள்ளூர்ப் பங்குகளிலும் ரப்பரும் தென்னையும் நிற்கிற நிலம் விலைக்கு எட்டாது. அப்படியிருக்க, பொதுத் தோட்டத்தில் சிலர் காங்கிரீட்டு போட்டு, பளிங்கு பதித்து, இரும்புக் கம்பி கட்டி, "இது எங்கள் குடும்பக் கல்லறை" என்று எழுதிவைக்கிறார்கள். மண் குழியானால் சில வருஷங்களுக்குப் பிறகு அதே இடத்தைத் திரும்பத் தோண்டலாம், எலும்புகளை ஜெபத்தோடு ஒதுக்கி ஓரிடத்தில் சேர்க்கலாம், அடுத்தவருக்கு இடமாகும். காங்கிரீட்டு போட்ட இடம் அடைபட்டது அடைபட்டதுதான். அதன் பலனாக, நாளைக்கு ஒரு ஏழைக் கூலிக்காரன் மரிக்கும்போது அவனுக்கு மூலையில் ஆறடி தேட வேண்டியிருக்கும். உயிரோடிருந்தபோது அவனுக்கு நிலமில்லை. மரித்த பிறகும் இல்லையா?

மறைசாட்சியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தால் ஆத்துமத்துக்கு நன்மையுண்டா என்று நோலா பட்டணத்துப் பவுலீனுஸ் கேட்டதற்கு அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீன் ஒரு புத்தகமே எழுதி மறுமொழி சொன்னார். இடம் ஆத்துமத்துக்கு உதவுவதில்லை. அந்த இடத்தைப் பார்த்து நினைவுகூர்ந்து செய்கிற ஜெபமே உதவுகிறது. ஆடம்பர அடக்கம் உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதலேயன்றி, மரித்தவர்களுக்கு உதவியல்ல என்பது அதன் சாரம். ஆகையால் சிலுவைக்குப் பக்கத்தில் இடம், வாசலுக்கு நேரே இடம் என்று பங்குப்பேரவையை நெருக்கவேண்டாம்.

சாதி பார்த்து இடம் பிரிப்பதைப்பற்றியும் சொல்லவேண்டும். நம் தமிழகத்தில், திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது ஊரறிந்த வெட்கம். கல்லாலான சுவர் நம்மிடம் இல்லையென்றாலும், மனதிலுள்ள சுவரை உயிர்த்தெழும் நாளில் எந்த முகத்தோடு தாண்டப்போகிறோம்?

2004 டிசம்பர் 26, அது ஞாயிற்றுக்கிழமை. கடல் பொங்கிவந்த அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் நூற்றுக்கணக்கானவர்களைப் பொதுக்குழிகளில் சேர்த்து அடக்கினோமே, அங்கே யார் பணக்காரன், யார் ஏழை என்று பார்த்தோமா? தாயும் பிள்ளையும், முதலாளியும் கூலியும் ஒரே மணலில் கிடக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ம் தேதி ஓகிப் புயலில் சிக்கியவர்களில் பலருக்கு அந்த மணலும் கிடைக்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை முதலிய கரைகளில், சரீரமில்லாமல் படத்தை வைத்து ஜெபித்த குடும்பங்கள் உண்டு. ஆறடி மண்ணும், அதன்மேல் ஒரு சிலுவையும் எவ்வளவு பெரிய வரம் என்பதை அந்தத் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். அதைத் தனிச் சொத்தாக்க வேண்டாம்.

செலவும் ஜெபமும்

குளிர்பெட்டி, பந்தல், பேண்டு வாத்தியம், வீடியோ, சாலை நெடுக பிளக்ஸ் பலகை, விலையுயர்ந்த பெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு, சில இடங்களில் சொல்லவும் நாணும்படி மதுபானம்! நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இவற்றைச் செய்கிறவர்கள் உண்டு. ஊரார் என்ன சொல்வார்களோ என்கிற பயமே காரணம். இந்தப் பயத்தை ஒழிக்க மகனால் முடியாது. செய்யாவிட்டால் நன்றிகெட்டவன் என்பார்கள். ஒழிக்கக்கூடியவர் மரிக்கப்போகிறவர் ஒருவரே. "எனக்கு மேளம் வேண்டாம், பலகை வேண்டாம், கடன் வாங்கவேண்டாம், பூசையும் ஜெபமாலையும் போதும்" என்று நீங்கள் நாலு பேர் அறியச் சொல்லிவைத்தால், உங்கள் மகனுக்கு அதுவே கேடயம். பங்குத் தூம்பாவில் எடுத்துச் செல்வது யாருக்கும் இழிவல்ல. நம் முன்னோரெல்லாம் அதிலேதான் போனார்கள்.

வெளிநாட்டிலுள்ளவர்களுக்காக வைத்திருக்கும் நாட்களைப்பற்றியும் முன்னமே பேசி ஒரு அளவு வையுங்கள். வரமுடியாத மகன் ஏழாம் நாளோ முப்பதாம் நாளோ வந்து பூசை கண்டு, நன்மை வாங்கி ஒப்புக்கொடுத்தால், அதுவும் முழுப் பிள்ளைக்கடமையே. வெளிநாட்டிலேயே மரணம் நேர்ந்தால் அந்நாட்டு மரணச் சான்று, இந்தியத் தூதரகத்தின் அனுமதி முதலியவை வேண்டும். சரீரத்தைக் கொண்டுவர வசதியற்றவர்களுக்கு உதவத் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நலநிதி உண்டு. கடன் வாங்குமுன் அதைக் கேளுங்கள்.

பணமில்லை என்பதற்காக எந்த ஏழைக்கும் அடக்க பூசை மறுக்கப்படலாகாது என்பது திருச்சபையின் சட்டம். வசதியற்றவர்கள் கூசாமல் அறைவீட்டுக்கு வாருங்கள். உங்கள் அன்பியத்தாரிடமும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும் சொல்லுங்கள்.

ஒருவரும் வெளியே நிறுத்தப்படலாகாது

தற்கொலையால் மரித்தவருக்குக் கோவில் மணியும் பூசையும் கிடையாது என்று இன்றும் சில குடும்பங்கள் நினைத்து, இருளோடு இருளாய் அடக்கிவிட நினைக்கின்றன. பழைய சட்டத்தில் மனமறிந்து செய்தவர்களுக்கு அப்படி ஒரு தடை இருந்தது மெய். 1983-ம் வருஷத்துச் சட்டநூலில் அது இல்லை. மனநோயும் தாங்கமுடியாத வேதனையும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய இரட்சணியத்தைக் குறித்து அவநம்பிக்கைப்படலாகாது என்றும் திருச்சபை போதிக்கிறது. ஆகையால் அப்படிப்பட்ட வீட்டார் ஒளியவேண்டாம். மணி அடிக்கும், பூசை நடக்கும், நானும் கல்லறைவரை வருவேன். நீங்களும் வாருங்கள். அந்த வீட்டு வாசலில் நின்று காரணம் விசாரிக்கிற நாக்கை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருக்கையில் மரித்துப்போன பச்சைக் குழந்தைக்கும் மேற்றிராணியாரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம். அந்தத் தாயின் துக்கம் சின்னத் துக்கமல்ல.

எழுதிவைக்க வேண்டியவை

ஒரு முழுத்தாள் காகிதம் போதும். இந்த மாதத்துக்குள் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுங்கள்.

முதலாவது: "நான் கடினமாய் நோயுறும்போது காலதாமதமின்றிக் குருவானவரை அழையுங்கள்." முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்ற பெயரால், அது சாகிற நிமிஷத்துக்கென்று எண்ணிவிட்டோம். அது நோயில்பூசுதல், கடின நோயிலும் தளர்ந்த முதுமையிலும் நல்ல நினைவோடு பெறவேண்டிய தேவதிரவிய அநுமானம். மூச்சு நின்ற பிறகு அழைத்தால் குருவானவர் ஜெபிக்கலாமேயன்றி, அதைக் கொடுக்க முடியாது.

இரண்டாவது: எந்த ஊரில், எந்தப் பங்கில் அடக்கம், புதைப்பதா, அவசியத்தால் எரிப்பதானால் சாம்பலை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் வைப்பது.

மூன்றாவது: யார் முடிவு சொல்வது. மக்களில் ஒருவர் பெயரை எழுதுங்கள். மற்றவர்களுக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள்.

நான்காவது: எவ்வளவுக்குமேல் செலவு செய்யலாகாது, எதெது வேண்டாம், எத்தனை பூசை வேண்டும்.

ஐந்தாவது: கண்தானம், உறுப்புத்தானம் செய்ய மனமுண்டா.

ஆறாவது: ஞானஸ்நானம், மெய்விவாகம் நடந்த பங்கின் விவரம், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் இருக்குமிடம், கொடுக்க வேண்டிய கடன், வரவேண்டிய கடன்.

மரணம் நேர்ந்தபின் வீட்டார் செய்ய வேண்டியதையும் அதன் அடியில் குறியுங்கள். 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவு செய்யவேண்டும். கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரமானால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில். ஒரு வருஷம் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டியதாகும். விதவைகள் உதவித்தொகைக்கும் நிலப்பத்திரத்துக்கும் அலைந்து வருந்துவது பெரும்பாலும் இந்த அசட்டையினால்தான். விபத்தோ சந்தேகமான மரணமோ ஆனால், போலீசுக்கு அறிவிக்காமல் அடக்கம் செய்யலாகாது. பங்கின் மரணப் பதிவேட்டிலும் பெயர் ஏறியதா என்று பாருங்கள்.

கடைசியாக, எழுதாமலே நடக்கவேண்டிய ஒன்று உண்டு. அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகுதான் ஆத்துமத்துக்கு நம் உதவி அதிகம் வேண்டியது. நவம்பர் 1-ம் தேதி முதல் 8-ம் தேதி வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காக மன்றாடுகிறவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காகவும் ஜெபித்தால், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகப் பரிபூரண பலனை அடையலாம். பூவும் மெழுகுதிரியும் அன்றைக்கே வாடி உருகிப்போகும், இது நிலைக்கும்.

ஆண்டவரே, எங்களுக்கு நல்ல மரணத்தைத் தாரும். எங்கள் சாவினால் எங்கள் பிள்ளைகள் பிரியாமல், ஒன்றுகூடி உமது பீடத்தண்டையில் எங்களை நினைக்கும்படி செய்தருளும். மரித்த விசுவாசிகளுடைய ஆத்துமாக்கள் உமது இரக்கத்தினாலே சமாதானத்தில் இளைப்பாறக்கடவது. ஆமென்.

சேசுவில் உங்கள் ஊழியன்,
பங்குக் குருவானவர்